ஒப்பீட்டுக் குழுவில் ஒரு டீச்சர்

பக்கவாதம் வந்து மீண்டவர்களுக்கு முகங்களை அடையாளம் காணும் திறன் எவ்வளவு மிஞ்சுகிறது என்று எங்கள் பேராசிரியை ஓர் ஆய்வு நடத்தினார். நான் அதில் உதவியாளர். நோயாளிகளை மருத்துவமனை அனுப்பிவிடும். அவர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, அதே வயதில், அதே அளவு படித்த, மூளையில் எந்தப் பாதிப்பும் இல்லாத ஆட்களைத் தேடிப் பிடிப்பது என் வேலை.

கேட்க எளிதாக இருந்தது. ஆவடி குடியிருப்பில் ஆர்வமாக முன்வந்த ஒருவர் வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர். மாங்காட்டில் ஓர் அம்மாவுக்குச் சிறுவயதில் வலிப்பு இருந்ததாம். வேண்டாம் என்று சொன்னால் கோபம் வந்துவிடும். "எனக்கு இன்னாம்மா கொறச்சல்?" என்று ஒருவர் வாசல்வரை வந்து கேட்டார். ஆய்வுக்கு ஆள் எடுப்பதும் பெண் பார்ப்பதும் ஒன்றுதான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். நிராகரிப்பைப் பக்குவமாகச் சொல்லத் தெரிய வேண்டும்.

அம்பத்தூரில் ஒரு தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் பேச அனுமதி கிடைத்தது. பேசி முடித்துக் கீழே இறங்கியபோது ஓர் அம்மா தானே வந்து பெயரைக் கொடுத்தார். பள்ளியில் கணக்கு டீச்சர். ஓய்வுபெற இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. பிரசவம் தவிர மருத்துவமனையில் படுத்ததில்லை. கண்ணாடி போட்டால் பார்வை சுத்தம். எங்கள் நிபந்தனைகள் ஒன்றுகூட விடாமல் அவருக்குப் பொருந்தின. இப்படியொருவர் கிடைத்தாரே என்று பேராசிரியைக்கு உடனே போன் செய்தேன்.

டீச்சரின் வீடு அயனம்பாக்கத்தில், ஏரிக்குப் பக்கத்துத் தெருவில். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்தேன். தலைமுடி, காது எல்லாம் மறைக்கப்பட்ட ஒரு முகம் திரையில் வரும். பிறகு மூன்று முகங்கள் வரும். முதலில் பார்த்தது எது என்று தொட வேண்டும். ஆரோக்கியமானவர்கள் பேசிக்கொண்டே செய்துவிடுவார்கள். டீச்சர் ஒவ்வொன்றுக்கும் புருவத்தைச் சுருக்கி நெடுநேரம் பார்த்தார். முடிவில் வந்த மதிப்பெண், கண்ணை மூடிக்கொண்டு தொட்டிருந்தாலும் வந்திருக்கும். திரை வெளிச்சம் போதவில்லையோ என்று கூட்டிவைத்து மறுபடி கொடுத்தேன். அதேதான்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார். "முடி, காது, கம்மல் எல்லாத்தையும் எடுத்துட்டீங்களேம்மா. அப்புறம் எதை வெச்சு ஆளைக் கண்டுபிடிக்கிறது?"

"முகத்தை வெச்சுதான் டீச்சர்."

நான் வேடிக்கை பேசுகிறேனோ என்று பார்த்தார். "எல்லாரும் முகத்தை வெச்சா கண்டுபிடிக்கிறாங்க?"

மடிக்கணினியை மூடினேன். மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். வகுப்பில் பிள்ளைகள் இடம் மாறி உட்காரக் கூடாது என்பது அவர் சட்டம். இடத்தையும் குரலையும் வைத்துத்தான் யார் யார் என்று அவருக்குத் தெரியும். சீருடையும் இரட்டைச் சடையுமாக விளையாட்டு மைதானத்தில் நின்றால் எல்லாரும் ஒரே பிள்ளைதான். தெருவில் எதிர்ப்பட்ட சக ஆசிரியைகளைக் கண்டும் காணாமல் போவதால் தலைக்கனம் பிடித்தவர் என்ற பெயர் உண்டு. மனிதர்களைச் சரியாகக் கவனிக்காத பிறவி நான் என்றே இத்தனை காலமும் நம்பியிருக்கிறார்.

டீயோடு வந்த அவர் கணவர் இதையெல்லாம் கேட்டுவிட்டார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். சிரித்துக்கொண்டே, "ஒரு தபா மீசைய எட்துட்டு ஊட்டுக்கு வந்தேம்மா. சார் வெளிய போயிருக்காரு, அப்புறம் வாங்கன்னு சொல்லுச்சு. வெளாட்டுக்குச் சொல்லுதுன்னு நெனச்சுகினேன்" என்றார்.

"விளையாட்டு இல்லைங்க" என்றார் டீச்சர். "நீங்க இருமினதும்தான் தெரிஞ்சுது."

அவர் சிரிப்பு நின்றது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அப்ப கல்யாணத்தன்னிக்கு?"

"கோட்டு போட்டிருந்தது நீங்க ஒருத்தர்தானே."

அவர் மனைவியையே பார்த்தார். அத்தனை வருடம் கூடவே இருந்தவர், அன்றுதான் அறிமுகமானவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இவ்ளோ நாளா நடையிலயும் இருமல்லயுமா என்னைக் கண்டுபுட்சுகினு இருந்த?"

"ஆமா. கூட்டத்துல ஒரு தடவைகூட உங்களைத் தொலைச்சதில்லை."

அன்று ரயிலில் எதிரே இருந்தவர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கள் ஊர் ஆவடியில் இறங்கினால் நடைமேடையில் அவ்வளவு கும்பலுக்கு நடுவே அம்மா காய்கறிப் பையோடு நின்றிருந்தார். ஒரு நொடிகூட ஆகவில்லை, அம்மா என்று தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது? இரண்டு கண், ஒரு மூக்கு, ஒரு வாய். எல்லாருக்கும் இருப்பதுதான். நான் எந்த முயற்சியும் செய்யாமல் எனக்குள் ஏதோ ஒன்று பிறந்ததிலிருந்து இதைச் செய்துகொண்டே இருக்கிறது. அது இல்லாத ஒருவர் ஒரு பள்ளிக்கூடத்தையே நடை, குரல், வளையல் ஓசை என்று பிரித்துப் பிரித்து மனதில் வைத்திருக்கிறார். எது பெரிய அதிசயம் என்று சொல்லத் தெரியாமல் நின்றேன். அம்மாதான் என்னைக் கூப்பிட்டு நடக்க வைத்தார்.

அடுத்த வாரம் பேராசிரியையே நேரில் வந்து வேறு சோதனைகளும் செய்தார். இது நோயில்லை, சிலர் பிறவியிலேயே இப்படி, அறிவுக்கும் அக்கறைக்கும் இதில் சம்பந்தமில்லை என்று விளக்கினார். குணமாகுமா என்று டீச்சர் கேட்டார். மருந்து கிடையாது, நீங்களாகக் கண்டுபிடித்த வழிகளைத்தான் நாங்களும் சொல்லித்தர முடியும் என்றார் பேராசிரியை. டீச்சர் தலையை ஆட்டினார். அழுவாரோ என்று பயந்தேன். "அப்ப எனக்குத் திமிர் இல்லை" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் வழியில், வேறு ஆள் தேடட்டுமா என்று கேட்டேன். பேராசிரியை சம்மதிக்கவில்லை. நாம் வைத்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு வந்தவர். முடிவு நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக வெளியே தள்ளினால் அது ஆய்வே இல்லை என்றார். டீச்சரைச் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு விதமாகக் கணக்கிட்டு, இரண்டையும் வெளிப்படையாக எழுதினோம். சாதாரண மனிதர்கள் என்ற தலைப்பின் கீழேயே அவர் இருந்தார்.

கட்டுரை அச்சானதும் தமிழில் ஒரு சுருக்கம் எழுதிக்கொண்டு அவருடைய பள்ளிக்குப் போனேன். அவரைப் பற்றி இப்படி ஒரு கதை எழுதட்டுமா என்று கேட்டு, சரி என்றும் வாங்கிக்கொண்டேன். மாலை மணி அடித்த நேரம். டீச்சர் வாசலருகே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். தன் விஷயத்தை வகுப்பில் அவரே சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் கூட்டமாக வெளியே ஓடிவந்தார்கள். அவரைத் தாண்டும்போது மட்டும் ஒவ்வொருவரும் கொஞ்சம் நின்று, தங்கள் பெயரைச் சொல்லி, போயிட்டு வரேன் டீச்சர் என்றுவிட்டுப் போனார்கள். யாரும் அவர்களுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லையாம். டீச்சர் ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொல்லி அனுப்பினார்.

நானும் அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.