பவுனு எடுக்காத அக்கினிச்சட்டி

சின்னமனூர் பவுனுக்கு இரைப்பையில் புற்றுநோய். மதுரை ஆஸ்பத்திரியில் இரைப்பையையே அறுத்து எடுத்துவிட்டார்கள். உள்ளே ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தபோது, வெளியே அவளுடைய நாத்தனார் சண்முகத்தாய் சும்மா இருக்கவில்லை. தம்பி பெண்டாட்டி பிழைத்து வந்தால் வீரபாண்டித் திருவிழாவில் அக்கினிச்சட்டி எடுப்பாள் என்று கௌமாரியம்மனுக்கு நேர்ந்துவிட்டாள். அடுத்தவர் தலையில் நேர்த்திக்கடனை ஏற்றிவைப்பதில் சண்முகத்தாய்க்கு நிகர் சண்முகத்தாய்தான்.

பவுனு பிழைத்துவிட்டாள். ஆனால் வீடு திரும்பிய உடம்பு அவளுடையதாக இல்லை. விடியுமுன் ஜீப்பேறிப் போய், கேரளத்து ஏலத்தோட்டச் சரிவுகளில் நாளெல்லாம் ஏறி இறங்கிய கால்கள் அவை. இப்போது கெண்டைச் சதை கரைந்து தோல் தொங்கியது. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லித்தரும் ஜாய்ஸ் தெளிவாகத்தான் சொல்லியனுப்பினாள்: "கொஞ்சங்கொஞ்சமா, அடிக்கடி சாப்பிடணும். முட்டை, மீன், கறி எதையும் விடாதீங்க. தினமும் நடங்க. சதை கூடலேன்னா அடுத்து ஏத்தப்போற கீமோ மருந்த உடம்பு தாங்காது. மருந்து போடலேன்னா நோய் திரும்பி வந்துரலாம்."

திருவிழாவுக்குக் கம்பம் நட்டதும் சண்முகத்தாய் துணிப்பையோடு வந்து இறங்கினாள். பவுனின் கையில் மஞ்சள் காப்பைக் கட்டினாள். அத்தோடு வீட்டில் கவுச்சி நின்றது, முட்டைகூட வாசலைத் தாண்டவில்லை. காலையில் கஞ்சி, மதியம் கஞ்சி, ராத்திரிக்கு மாறுதலாக ஜவ்வரிசிக் கஞ்சி. எழுந்து நாலடி வைத்தால், "தையல் பிரிஞ்சிரும், படு" என்று அதட்டல். நலம் விசாரிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, "நாத்தனாருன்னா இப்படியில்ல இருக்கணும்" என்று மெச்சிக்கொண்டு போனார்கள். பவுனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டிலில் கிடக்கிறவள் வற்றிக்கொண்டே போவது ஒரு கண்ணுக்கும் படவில்லையே. புருஷன் சுருளிக்கோ அக்கா முன்னால் எப்போதும் வாயில் கொழுக்கட்டை.

ஒருநாள் காலையில் குளியலறையில் உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. சுவரைப் பிடித்தாள், வாளியைப் பிடித்தாள், தொடை சொன்னபடி கேட்கவில்லை. கூப்பிட்டதும் சுருளி ஓடிவந்து தூக்கினான்.

"என்ன புள்ள, கனமே இல்ல" என்றபடி கட்டிலுக்குக் கொண்டுவந்தான்.

பவுனுக்கு உயிர்ப்பயம் வந்தது. கத்திக்குத் தப்பியவள் கஞ்சியில் சாகப்போகிறாள். கட்டிலில் உட்கார்ந்ததும் காப்பை அவிழ்த்தாள்.

"மதினி, கைய நீட்டுங்க."

"ஏ புள்ள, காப்பக் கழட்டுனா தெய்வக்குத்தம்டி. ஆத்தா சும்மா விடமாட்டா."

"கழட்டிப் போடல, ஆளத்தான் மாத்துறேன். என்னையக் கேட்டா நேந்தீக? மயக்க ஊசி போட்டுக் கெடந்தவ எப்படிச் சரின்னு சொல்லுவா? உங்க ஒடம்புக்கு ரெண்டு சட்டியே தூக்கலாம்."

நாத்தனாரின் பருத்த மணிக்கட்டில் அவளே முடிச்சும் போட்டாள். சண்முகத்தாயின் மறு கை முடிச்சைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. கட்டிய காப்பை அவிழ்க்கும் துணிச்சல் அவளுக்கு ஏது?

"ஏங்க, முட்டை வாங்கிட்டு வாங்க" என்றாள் பவுனு. சுருளி அக்காவைப் பார்த்தான். "அங்கன என்ன பாக்குறீக, கடை தெருவுலல்ல இருக்கு."

அவன் போனான். முட்டை வேகிற வீட்டில் காப்புக் கட்டியவள் தங்கலாமா? சண்முகத்தாய் அன்றே துணிப்பையைத் தூக்கிக்கொண்டு தன் வீடு போய்ச் சேர்ந்தாள்.

அதற்குப் பிறகும் எல்லாம் சுலபமாக இல்லை. இரண்டு வாய் கூடினால் வியர்த்துக் கிறுகிறுத்தது. சில நாள் தின்றதெல்லாம் வெளியே வந்தது. அழுதுகொண்டே மறுபடியும் தின்றாள். அயிரை மீனும் ஈரலும் சிறுகச் சிறுக உள்ளே போயின. சுருளியின் தோளைப் பிடித்துத் தெருமுனை வரை நடந்தவள், பிறகு பிடிக்காமலே பஸ் ஸ்டாண்டு வரை போனாள்.

திருவிழாவில் சண்முகத்தாய் மூச்சு வாங்க வாங்க அக்கினிச்சட்டி எடுத்தாள். அது முடிந்த கையோடு பவுனு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கைப்பிடி பலத்தைப் பார்த்துவிட்டு, எடையும் பார்த்துவிட்டு, டாக்டரிடம் கேட்டுவந்து ஜாய்ஸ் சொன்னாள்: "மருந்து ஆரம்பிக்கலாம்."

சேதி ஊருக்குள் வந்ததும் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு. சண்முகத்தாய் எடுத்த சட்டிதான் காப்பாற்றியதாம். பவுனு மறுக்கவில்லை. நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"மதினி, நீங்க சட்டி எடுத்ததாலதான் நான் பொழச்சேன்னு ஊரே சொல்லுதாக. சரி, இருக்கட்டும். நான் உசுரோட இருக்குற வருசமெல்லாம் நீங்களே எடுத்துருங்க."