அழித்து எழுதிய தொண்ணூற்றாறு

அந்த ரப்பருக்கு மாம்பழ வாசம். பச்சையும் மஞ்சளுமாகப் பட்டை போட்டிருக்கும்; நாங்கள் ‘சென்ட் ரப்பர்’ என்போம். அழித்தால் தூள் கறுப்பாகத் திரண்டு மடியில் விழும், விரல் நுனியில் அந்த வாசம் சாயங்காலம் வரைக்கும் போகாது. உக்கடம் பஸ் ஸ்டாண்டின் சிமெண்ட் பெஞ்சில், போத்தனூர் பஸ் மூன்றைப் போகவிட்டு, என் மருத்துவ நுழைவுத் தேர்வுக் கேள்வித்தாளை நான் அழித்தது அந்த ரப்பரால்தான். இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியாது. ஏமாற்றினேன்.

இன்றைய பிள்ளைகளுக்கு இது என்னவென்றே புரியாது என்பதால் விளக்குகிறேன். அப்போது தேர்வறையில் விடைத்தாளில் வட்டத்தைக் கறுப்பாக்கும்போதே கேள்வித்தாளிலும் பென்சிலால் ஒரு ‘டிக்’ போட்டு, அதைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுவருவோம். மறுநாள் டியூஷன் சென்டரில் சரியான விடைகளை ஜெராக்ஸ் எடுத்து ‘கீ’ என்று கொடுப்பார்கள். இரண்டையும் வைத்து வீட்டில் பெரியவர்கள் கூட்டுவார்கள். உண்மையான மார்க் வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால், அதுவரைக்கும் வீட்டில் கூட்டியதுதான் மார்க். ஊரே அதைக் கேட்கும். “ஏனுங்க, அம்மணிக்கு எத்தனைங்க வருதுங்க?” என்று கேட்பார்கள். இத்தனை ‘ங்க’ போட்டு ஒரு பிள்ளையின் கழுத்தைப் பிடிக்க எங்கள் ஊர்க்காரர்களால்தான் முடியும்.

சென்டரில் கீயை வாங்கிக்கொண்டு உக்கடம் வந்து, பெஞ்சில் உட்கார்ந்து நானே கூட்டிப் பார்த்தேன். நூற்றுக்கு எண்பது, எண்பத்தொன்று. மெடிக்கல் சீட்டுக்கு அது எந்த மூலைக்கும் பற்றாது. பதினைந்து கேள்விகளில் அழித்து, கீயைப் பார்த்துச் சரியான இடத்தில் டிக் போட்டேன். சந்தேகம் வரக்கூடாதென்று நாலைந்து தப்பை அப்படியே விட்டேன். அன்றைக்கு ஒரு நாள் சாயங்காலத்தைத் தாண்டினால் போதும் என்று இருந்தது, அவ்வளவுதான்.

அப்பா போத்தனூரில் லேத் பட்டறை வைத்திருந்தார். மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பார். மைக்ரோமீட்டரில் இரண்டு தரம் அளந்து, பிறகு ஷாஃப்டின் மேல் கட்டைவிரலை ஒரு முறை நீளவாக்கில் ஓட்டுவார். கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு அந்த விரலுக்குத் தெரியும். அவர் அனுப்பிய சரக்கைக் கம்பெனிக்காரர்கள் திரும்ப அளப்பதில்லை என்பதில் அவருக்கு இருந்த கர்வம் வேறு எதிலும் இருந்ததில்லை. அந்த மனிதர் அன்று பட்டறையை நேரத்தோடு சாத்திவிட்டு வந்து, சிவப்புப் பென்சிலால் கீயைப் பார்த்துக் குறித்துக்கொண்டே போய், இரண்டு தரம் கூட்டினார். விரல் ஓட்டவில்லை. சந்தோஷம் ஆளை அப்படி ஆக்கிவிடும்.

“ரெண்டு தரம் அளந்துபோட்டேன் அம்மணி. தொண்ணூத்தாறு.”

அதற்கப்புறம் போன் சும்மா இருக்கவில்லை. அவராகவே நாற்பது பேரையாவது கூப்பிட்டிருப்பார். பட்டறையில் கடைசல் வேலை பார்த்த பாய், இனிமேல் கையில் வெட்டுப்பட்டால் ஊசி ஓசிதானே என்று என்னைக் கேட்டார். காரமடை அத்தை பஸ் ஏறி வந்து, நடுவீட்டில் காலை நீட்டி, முட்டியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். நான் தொட்டேன். “டாக்டரம்மா கை பட்டதும் நோவு எறங்குதுங்க” என்றாள். அத்தைக்கு அதுவரை நான் ‘ஒட்டடைக்குச்சி’. அந்த மூன்று வாரமும் எல்லோரும் என்னைச் சாப்பிடச் சொன்னார்கள், வேலை சொல்லவில்லை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அது நன்றாகவே இருந்தது.

பிறகு மார்க் வந்தது. எண்பத்தொன்று.

அப்பா என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அவர் மார்க் போட்டவர்கள்மேல் கோபப்பட்டார். “நான் அளந்தது தப்பாதுங்க, அவீகதான் எங்கியோ மாத்திப்போட்டாங்க” என்று போன் செய்தவர்களிடமெல்லாம் சொன்னார். கேள்வித்தாளையும் கீயையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, பட்டறையைப் பாயிடம் விட்டுவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினார். ரயிலில் எட்டு மணி நேரம். அவர் கவரை மடியில் வைத்திருந்தார். நான் சொல்லியிருக்கலாம். ஈரோடு தாண்டியதும் சொல்வோம், சேலம் தாண்டியதும் சொல்வோம் என்று இருந்தேன். சேலமும் தாண்டியது.

தேர்வு அலுவலகத்தில் ஜன்னலுக்கு அந்தப்பக்கம் இருந்தவர் கெட்டவர் இல்லை, களைத்தவர். எங்களைப்போல முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். கேள்வித்தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“சார், இத வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. விடைத்தாள எடுத்துப் பாக்கணும்னா பாப்பா எழுதிக் குடுக்கட்டும். இதுல இருக்கறதத்தான் அங்கயும் குறிச்சேன்னு எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லுங்க.”

பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்பா வெள்ளைத்தாளை என்னிடம் கொடுத்து, எழுது அம்மணி என்றார். எந்தெந்தக் கேள்வியில் சந்தேகம் என்று எண்களைப் பார்த்துச் சொல்வதற்காகக் கேள்வித்தாளைத் தொடைமேல் விரித்து நீவினார். நான் பேனாவைத் திறந்து, தேதியைப் போட்டு, அதற்குமேல் போகாமல் இருந்தேன். அவருடைய கட்டைவிரல் பக்கத்தின்மேல் ஓடி, ஓரிடத்தில் நின்றது. கொஞ்சம் பின்னால் போய், மறுபடி அதே இடத்துக்கு வந்தது. பக்கத்தைத் திருப்பினார். அங்கேயும் ஓட்டினார். மூன்றாவது பக்கத்துக்குமேல் அவர் போகவில்லை.

என் முகத்தைப் பார்ப்பார் என்று இருந்தேன். பார்க்கவில்லை. எழுந்துபோய் வரிசையைத் தாண்டி ஜன்னலில் குனிந்து, “வேண்டாமுங்க. தப்பு உங்களுது இல்லீங்க. நாந்தான் தப்பா அளந்துபோட்டனுங்க” என்றார். அந்த மனிதர் சரியென்று தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஊருக்கு வந்ததும் அந்த நாற்பது பேரையும் திரும்பக் கூப்பிட்டு அதையே சொன்னார். ஒவ்வொருவரிடமும். பாயிடமும் சொன்னார், பாய் நம்பவில்லை. காரமடை அத்தை விடவில்லை. “ஆயிரம் ஷாஃப்ட் அளந்தவனுக்கு ஒரு மார்க் கூட்டத் தெரியலியாக்கும்” என்று எங்கள் வீட்டுக்கே வந்து சிரித்தாள். அப்பாவும் கூடச் சிரித்தார். நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அத்தைமேல் எனக்கு வந்த ஆத்திரம் அவள் செத்தும் போகவில்லை. அது அவள்மேல் வந்ததில்லை என்று எனக்குத் தெரியாமலும் இல்லை.

நான் வேதியியல் படித்து, ஒரு சாயப்பட்டறை லேபில் வேலைக்குப் போனேன். கேள்வித்தாள் என்ன ஆனது என்று தெரியாது. அதைப் பற்றி இன்றுவரை அப்பாவும் நானும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன வாரம் என் மகனுக்கு நுழைவுத் தேர்வு மார்க் வந்தது. இப்போது டிக் போட்டுக் கூட்டுவதெல்லாம் இல்லை. பிள்ளை குறித்த விடைத்தாளையே படம் பிடித்துக் கீயோடு போனில் அனுப்பிவிடுகிறார்கள். அழிக்க ஒன்றும் கிடையாது. பொய்யாகவாவது சந்தோஷமாக இருந்த அந்த மூன்று வாரமும் கிடையாது. லேத்தை விற்றாயிற்று, பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. மாறாதது ஒன்றுதான். அத்தையின் மகள் காலை ஏழு மணிக்கே கூப்பிட்டு “எத்தனைங்க?” என்றாள். எண்ணைச் சொல்லிவிட்டு வைத்தேன். பெருமைப்படுகிற எண் இல்லை.

மகன் விடைத்தாளைப் போனில் திறந்து தாத்தாவிடம் காட்டினான். அப்பாவுக்குப் பார்வை சரியில்லை. போனை இரண்டு கையிலும் வாங்கி, பழைய பழக்கத்தில் கட்டைவிரலை அதன்மேல் நீளவாக்கில் ஓட்டினார். பக்கம் சரேலென்று மேலே போய்விட்டது. தொட்டால் நகரும் தாத்தா என்று மகன் சிரித்தான். அப்பா இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, போனை அவனிடம் கொடுக்காமல் என் பக்கம் நீட்டினார்.

“இதுல ஒண்ணும் தட்டுப்படலியே, அம்மணி.”