பூவம்மாள் போட்ட எல்லை

மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரிக்க டில்லியிலிருந்து வந்தவர்கள் முதலில் ஓசூரில் இறங்கி, பூவம்மாளின் வீட்டைப் பார்த்திருந்தால், வேலை அரை நாளில் முடிந்திருக்கும். ஒரே கூரை, நடுவில் மண்சுவர், இரண்டு பக்கமும் தனித்தனி வாசல். தெருப்பக்கத்து அறை காலேஜ் பையன்களுக்கு. பின்கட்டு பூவம்மாளுக்கும் மகள் ருக்மணிக்கும். அவள் போட்ட எல்லையை ஒரு பல்லிகூடக் கேட்காமல் தாண்டியதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து இதை எழுதுகிறவன் அதற்குச் சாட்சி.

பையன்கள் மெட்ராஸில் மாட்டு வைத்தியம் படிக்கிறவர்கள். பயிற்சிக்காக இங்கே மாட்டுப் பண்ணைக்கு வருவார்கள். அறை கேட்டு வந்தவனைப் பூவம்மாள் தமிழில் விசாரிப்பாள், கன்னடத்தில் சந்தேகப்படுவாள், குடி வந்த பிறகு தெலுங்கில் திட்டுவாள். புருஷன் போன பிறகு அந்த அறைதான் அவளுக்கு ஆண்பிள்ளை மாதிரி.

அதே அறைதான் ருக்மணியின் கல்யாணத்துக்குக் குறுக்கே நின்றது. தை மாதம் வந்த ராயக்கோட்டைக்காரர்கள், "வயசுப் பையனுங்க தங்கற வீடா?" என்று கேட்டார்கள். ஊற்றிவைத்த காபி ஆறுவதற்குள் பஸ் ஏறிவிட்டார்கள்.

அதனால், குருபரப்பள்ளி திம்மராயன் தன் மகன் மாதப்பனோடு பெண் பார்க்க வருகிறார் என்றதும், வாடகை விஷயத்தை மூச்சு விடக் கூடாது என்று பூவம்மாள் முடிவு கட்டினாள். அப்போது அறையில் இருந்தவன் தஞ்சாவூர்க் கோவிந்தன் ஒருவன்தான். அவர்கள் வருமுன் எங்காவது போய்விடச் சொல்லி அவனுக்குச் சேதி அனுப்பினாள். பன்னிரண்டு மணி பஸ் என்று சேதி போய்ச் சேர்ந்தது. அவர்கள் வந்ததோ பத்து மணி பஸ்ஸில். ஞாயிற்றுக்கிழமை வேறு. கோவிந்தன் இடுப்பில் துண்டும் வாயில் பல்பொடியுமாக வாசலில் நின்றான்.

"யாரும்மா இது?" என்றார் திம்மராயன்.

அண்ணன் மகன் என்று சொல்ல வாயெடுத்தவள், அது கட்டிக்கிற முறையாகிவிடுமே என்று நாக்கை மடித்துக்கொண்டாள். "எங்க அக்கா மகனுங்க. பக்கத்துல சானமாவு. தொண்டை கட்டிக்கிச்சு, பேச மாட்டான்."

பேசினால் தஞ்சாவூர் வெளியே வந்துவிடும். கோவிந்தன் நுரையோடு தலையாட்டினான்.

"கேசரியெல்லாம் வேணாம்மா, களி போடு," என்றார் திம்மராயன். "களியைப் பார்த்தா குடும்பம் தெரியும். தம்பியும் கூட உக்காரட்டும்."

ருக்மணி ஆளுக்கொரு ராகிக் களியுருண்டை வைத்து, கொள்ளுச் சாறு ஊற்றினாள். அப்பனும் மகனும் கிள்ளினார்கள், சாற்றில் தோய்த்தார்கள், முழுங்கினார்கள். எங்கள் பக்கத்தில் களிக்கும் பல்லுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கோவிந்தனோ தான் படிக்கிற பிராணியைப் போலவே அசைபோட்டான்.

திம்மராயனின் கை நின்றது. "சானமாவுல எப்ப இருந்து களியை மெல்றாங்க?"

பூவம்மாள் சாற்றுச் சட்டியோடு நின்ற மகளைப் பார்த்தாள். இன்னொரு பொய் கைவசம் இருந்தது, வாய்க்கு வரவில்லை.

"அக்கா மகன் இல்லீங்க. முன்னறையில வாடகைக்கு இருக்கற பையன். பண்ணையில படிக்கறான். சொன்னா எந்திரிச்சுப் போயிடுவீங்கன்னு பயந்துட்டேன்."

திம்மராயன் கோவிந்தன் பக்கம் திரும்பினார். "எத்தனை நாளா இருக்கறே?"

"அஞ்சு மாசமா இருக்கேங்க." தொண்டை சரியாகியிருந்தது.

"இந்தம்மா வீட்ல எத்தனை வாட்டி சாப்பிட்டிருப்பே?"

"இதான் முதல் வாட்டி. ஓட்டல்லதான் சாப்பாடு. பின்கட்டுக்குள்ள வந்ததே இன்னிக்குத்தாங்க."

திம்மராயன் விரலை நக்கிக்கொண்டே யோசித்தார். "நெசந்தான். அஞ்சு மாசம் உள்ள புழங்கினவன் களி முழுங்கக் கத்துக்காம இருப்பானா? வெத்தலையை எடும்மா."

ருக்மணி, மாதப்பன் கேட்காமலே அவன் தட்டில் இன்னோர் உருண்டை வைத்தாள்.

அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்த பூவம்மாள், நேராகப் பக்கத்து வீட்டு வேலியோரம் வந்து நின்றாள்.

"ஏன்டா, கோவிந்தன்கிட்ட எத்தனை மணி பஸ்ஸுன்னு சொல்லச் சொன்னேன்?"

"பத்து," என்றான் இதை எழுதுகிறவன்.

"நீ எத்தனைன்னு சொன்னே?"

"சும்மா விளையாட்டுக்குத்தான், பெரிம்மா."

பூவம்மாளுக்கு அவன் முகத்தைப் பார்த்ததும் திட்டத் தெலுங்கு வரவில்லை.

"உங்க ருக்மணியக்கா கட்டிக்கிட்டுப் போறது புடிக்கலைன்னா உக்காந்து அழுடா. பஸ் நேரத்தை எதுக்கு மாத்தறே?"