பஞ்சாயத்து ரேடியோவுக்குப் புதுத் திருகு

மலைமேல் இருக்கும் ஆலத்தூர் நாட்டு மாதனுக்குப் பேச்சு திக்கும். அவன் பாதி சொல்வதற்குள் மீதியை ஊரார் சொல்லி முடித்துவிடுவார்கள், அதுவும் தப்புத் தப்பாக. மிளகுக் கொடி பட்டுப்போச்சு என்று சொல்ல வந்தவனிடம், இந்த வருசம் நல்ல காய்ப்பாமே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு போன புண்ணியவான்களும் உண்டு. நாளாவட்டத்தில் அவன் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டான்.

ஆனால் சாயங்காலமானால் அவனில்லாமல் ஊருக்கு ஆகாது. ஐம்பதுகளின் கடைசியில் ஊருக்கென்று இருந்தது பஞ்சாயத்து ரேடியோ ஒன்றுதான். அதைத் திறக்கவும் சத்தம் கூட்டவும் இருந்த ஒரே திருகு உள்ளே தேய்ந்து, தண்டில் பிடிக்காமல் சும்மா சுற்றியது. கட்டைவிரலை ஒருக்களித்து அழுத்தி மாதன் திருப்பினால்தான் பெட்டி பேசும். மற்றவர்கள் முறுக்கிப் பார்த்துச் சலித்து, "மாதன் வரட்டும்" என்று உட்கார்ந்துவிடுவார்கள். தனக்காக நாலு பேர் காத்திருக்கிறார்கள் என்பதில் அவனுக்கு அப்படியொரு சுகம்.

அதற்கும் கேடு வந்தது. அவன் காய்ச்சலில் படுக்க, ரேடியோவும் கூடவே படுத்துக்கொண்டது. ஊர்க்கவுண்டர் நல்லமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. காய்ச்சல் விட்டதும், "மொளகு விக்கக் கீழ போறப்ப ஒரு புதுத் திருகு வாங்கியாந்துரு சாமி" என்று மாதனிடமே சொல்லிவிட்டார்.

காளப்பநாயக்கன்பட்டியில் திருகு கிடைத்தது. கிடைக்காமல் போயிருக்கக் கூடாதா என்று இருந்தது அவனுக்கு. திரும்பி மலையேறும்போது ஓடைக்கரையில் நின்று அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தான். தண்ணீரில் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? கிடைக்கவில்லை என்று அவன் சொல்லக்கூட வேண்டாம், ஊராரே சொல்லிக்கொள்வார்கள். ஆனால் காய்ச்சலில் கிடந்தபோது ரேடியோச் சத்தமில்லாத சாயங்காலங்கள் அவனுக்கே பிடிக்கவில்லை. திருகை மடியில் முடிந்துகொண்டு ஏறினான்.

ஊருக்குள் நுழைந்ததும் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்கள். மலையடியில் பார்த்ததைச் சொல்ல அவன் வாயெடுத்தான். கேட்க யாரும் நிற்கவில்லை. புதுத் திருகை மாட்டினார்கள். ஊர் இளவட்டம் சின்னராசு இரண்டு விரலால் லேசாகத் திருப்ப, ரேடியோ கணீரென்று பேசியது. ஆளாளுக்கு ஒரு தரம் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்கள். கடைசியில் போய் உட்கார்ந்த மாதனுக்கு மனசு விட்டுப்போயிற்று.

டெல்லிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பொறுக்கமாட்டாமல் அவன் எழுந்தான்.

"ம... மலையடியில..."

"அங்க மழையா? பேஞ்சா பேயட்டும், உக்காரு" என்றான் சின்னராசு.

மாதன் உட்காரவில்லை. அது இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான். நல்லமுத்து அவன் முகத்தைப் பார்த்தார். கையை நீட்டிப் புதுத் திருகைத் திருப்பினார். சத்தம் அடங்கிவிட்டது.

"டெல்லி இருக்கட்டும். நீ சொல்லு சாமி, மெதுவாச் சொல்லு."

ஊரே வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது. மாதனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ந... நம்ம மலைக்கு ரோ... ரோடு போடறதுக்குக் க... கல்லு நடறாங்க" என்று கடைசி வார்த்தை வரைக்கும் அவனே சொல்லி முடித்தான்.