கையெழுத்திட மறுத்த செலின்

செவ்வாய்க்கிழமை காலை நான் ஓசூர் பேருந்து நிலையத்தில் கிருஷ்ணகிரி வண்டிக்காக நின்றிருந்தபோது முனியப்பா அழைத்தார். அவர் தொழிற்பேட்டையில், இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் ஒரு பிரஸ் பட்டறையின் ஃபோர்மன். வழக்கமாக அவர் அழைத்தால் மழையையும் தம் முழங்கால் வலியையும் பேசி முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வருவார். அன்று நேராக வந்தார்.

"சார், நம்ம செலினம்மா பூட்டாங்க."

"எப்போ?"

"இன்னிக்கு விடிகாலையில. மாரு வலிக்குதுன்னு சொன்னாங்களாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போறதுக்குள்ள முடிஞ்சுது."

அன்று நண்பகலில், நானும் செலின் அவர்களும் பணியாற்றிய நிறுவனத்தின் இரங்கல் அறிவிப்பு என் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. அதில் இரண்டு பிழைகள் இருந்தன. அவர் திங்கட்கிழமை மறைந்ததாகப் போட்டிருந்தார்கள். அது கவனக்குறைவு, மன்னிக்கலாம். 'உடல்நலக் குறைவின் காரணமாக நமது நிறுவனத்திலிருந்து விலகியவர்' என்றும் போட்டிருந்தார்கள். அது கவனக்குறைவால் வந்த பிழையன்று. செலின் அவர்கள் ஏன் விலகினார் என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவரை அறியாதவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

ஆரோக்கிய செலின் சூளகிரிக்கு அருகில் ஒரு கத்தோலிக்க விவசாயக் குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தவர். சேலத்தில் பொறியியல் படித்தார். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, வேலையிடத்தில் கன்னடம் என்று மூன்றிலும் தயக்கமில்லாமல் சண்டை போடுவார். நான் தரக்கட்டுப்பாட்டுத் துறைக்குப் பொறுப்பாளனாக இருந்த காலத்தில், ஒரு ஜூலை மாதத்து முதல் திங்கட்கிழமை, எங்கள் நிறுவனத்தில் சேர்ந்தார்.

நாங்கள் செய்தது இயந்திரங்களுக்கான கட்டுப்பாட்டுப் பலகை. பட்டறைக்காரர்கள் அதை போர்டு என்பார்கள். ஒவ்வொரு போர்டுக்குள்ளும் ஒரு சிறு கணினி உண்டு. அதன் நினைவு ஃபிளாஷ் சிப் என்னும் சில்லில் இருக்கிறது. இயந்திரம் எந்த அளவில் ஓடவேண்டும் என்பது உட்பட, அதில் எழுதியது மின்சாரம் போனாலும் அழியாது. ஆனால் அந்தச் சில்லோடு எப்படிப் பேசுவது என்று கணினியின் இயக்கமுறைமைக்குத் தானாகத் தெரியாது. சில்லின் அளவு என்ன, அதில் எந்தப் பகுதி பழுது, படிக்கும்போது எத்தனை பிழைகள் வரை திருத்திக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் இயக்கமுறைமையின் மையமான கெர்னலுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அதைச் செய்யும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். அந்த டிரைவர்களை அமைப்பதே செலின் அவர்களின் பணி.

எங்கள் அறிமுகமே ஒரு வாக்குவாதத்தில்தான் தொடங்கியது. ஃபிளாஷ் சில்லுகள் தயாரிப்பாளரிடமிருந்து வரும்போதே சில பகுதிகள் பழுதாகத்தான் வரும் என்று அவர் சொன்னார். பழுதோடு வரும் பொருளைத் தரக்கட்டுப்பாடு எப்படி ஏற்கும் என்று கேட்டேன்.

"எங்க நிலத்துல பாறை இருக்கு சார். அதுக்காக நிலத்தைத் தூக்கியா போட்டுட்டோம்? சுத்தி உழுறோம். பாறை எங்கன்னு தெரிஞ்சா நஷ்டமே இல்ல. தெரியாம ஏர் ஓட்டுனாத்தான் கொழு உடையும். எது பாறைன்னு கெர்னலுக்குச் சொல்லித் தர்றதுதான் என் வேலை."

சில்லுகளை ஏற்றுக்கொண்டேன்.

அடுத்து வந்த ஆயுத பூஜையில்தான் அவர் யாரென்று தொழிற்பேட்டைக்குத் தெரிந்தது. பூஜை முடிந்து விடுமுறை கழிந்த மறுநாள், முனியப்பாவின் பட்டறையில் பாதிக்கு மேற்பட்ட இயந்திரங்கள் எழவில்லை. போர்டுகள் தம் நினைவை இழந்திருந்தன. நானும் செலின் அவர்களும் போனோம். இயந்திரங்களின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து நின்றன.

"எப்படிங்க நிறுத்துனீங்க?" என்று கேட்டார் செலின்.

"எப்படின்னா? மெயினை இறக்குனோம். பூஜைக்கு வேற எப்படி நிறுத்துவாங்க?" என்றார் முனியப்பா.

"திரையில ஷட்டவுன்னு ஒரு பட்டன் இருக்கே?"

"மேடம், அய்யரு வந்து தட்டோட நின்னுனு கீறாரு. நான் ஒவ்வொரு மிஷினா போய் பட்டனை அமுக்கி, அது பொறுமையா தூங்குற வரைக்கும் பாத்துனு இருக்கணுமா? அதுக்குள்ள கற்பூரம் அணைஞ்சுடும்."

செலின் சிரித்துவிட்டார். "உங்க மேல தப்பு இல்ல. மெயினை இறக்குனா தாங்காத போர்டைக் குடுத்தமே, அது எங்க தப்பு."

அலுவலகத்துக்குத் திரும்பியதும், 'முறைப்படி நிறுத்திய பின்னரே மின்சாரத்தைத் துண்டிக்கவும்' என்று ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம் என்றார்கள். எளிய வழிதான். செலின் ஒப்புக்கொள்ளவில்லை.

"ஒட்டுங்க. முனியப்பா அது மேலயே குங்குமம் வைப்பாரு."

எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றால் அரைகுறையாக எழுதப்பட்ட பகுதியையும் முழுமையானது என்று டிரைவர் நம்பிவிடுவதை அவர் கண்டறிந்தார். அமைப்பை மாற்றினார். பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு மெயின் ஸ்விட்சை வாங்கிவந்து தம் மேசையில் பொருத்தி, போர்டு எழுதிக்கொண்டிருக்கும்போதே அதன் கைப்பிடியைப் படாரென்று இறக்குவார்; ஏற்றுவார்; மறுபடி இறக்குவார். பக்கத்து மேசைக்காரர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள். அதற்குப் 'பூஜைச் சோதனை' என்று பெயர் வைத்து, எங்கள் தரநடைமுறையில் முறைப்படி சேர்த்தேன். வெளியிலிருந்து வந்த தணிக்கையாளர் அந்தப் பெயரைப் பார்த்து, இது மதம் சார்ந்த நடைமுறையா என்று கேட்டார். அமைத்தவர் கிறிஸ்தவர் என்று பதில் சொன்னேன்.

இனி அந்த விலகலுக்கு வருகிறேன். உலகெங்கும் சில்லுத் தட்டுப்பாடு வந்த காலத்தில், வழக்கமான ஃபிளாஷ் சில்லுக்குப் பதிலாக வேறொரு சில்லை நிறுவனம் வாங்கியது. பழைய சில்லில் ஒவ்வொரு தரவுத் துண்டிலும் நான்கு பிழைகள் வரை திருத்தினால் போதும். புதியதில் எட்டு வரை திருத்த வேண்டும் என்று அதைச் செய்தவர்களே எழுதியிருந்தார்கள். நான்கு பிழைகளை எங்கள் போர்டின் வன்பொருளே நொடியில் திருத்திவிடும். எட்டு என்றால் கெர்னல் கணக்குப் போட்டுத் திருத்த வேண்டும். போர்டு விழித்தெழத் தாமதமாகும். தாமதத்தை வாடிக்கையாளர்கள் விரும்பவில்லை. ஆகவே நான்கிலேயே விட்டுவிடச் சொன்னார்கள். பிழை மிகுந்தால் டிரைவர் எழுப்பும் எச்சரிக்கைச் செய்தியையும் நிறுத்திவிடச் சொன்னார்கள். டிரைவர் அமைப்பு வெளியே போகவேண்டுமானால் செலின் அவர்கள் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகு தரக்கட்டுப்பாட்டின் முத்திரை விழ வேண்டும். இதற்கான கூட்டம் ஒரு மார்ச் மாதத்துப் புதன்கிழமை நடந்தது. நான் இருந்தேன்.

"எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆயிருக்கே செலின்?" என்றார் பொது மேலாளர்.

"புது சிப்பு சார். புதுசுல எல்லாமே பாஸ் ஆகும். எழுதி எழுதித் தேயும்போதுதான் பிழை ஏறும்."

"பிரச்சனை வந்தா அப்ப பாத்துக்கலாம்."

"வந்தா தெரியக்கூடாதுன்னு எச்சரிக்கையையும் மூடச் சொல்றீங்களே, அப்புறம் எதைப் பாப்பீங்க?"

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கம்மா."

"நான் பண்ணிடுவேன் சார். சிப்பு பண்ணாது."

யாரோ சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை. செலின் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார்: "மிஷின் நின்னா பரவால்ல சார், திட்டிட்டு போன் பண்ணுவாங்க. அளவை மறந்துட்டுத் தப்பா ஓடுனா? பிரஸ்ஸுக்குள்ள ஒருத்தன் கை இருக்கும். இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

நானும் முத்திரையிட முடியாது என்று அங்கேயே தெரிவித்தேன். என்மீது எவரும் கோபப்படவில்லை. மாத இறுதியில் நான் ஓய்வுபெற இருந்தேன். காத்திருந்தால் போதும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நான் வெளியேறிய மறுவாரமே, வேறொருவரின் கையெழுத்தோடு அந்த டிரைவர் வெளியே போனது. செலின் அவர்களைப் பயனர் கையேடு எழுதும் பிரிவுக்கு மாற்றினார்கள். அவர் சளைக்கவில்லை. கையேட்டின் முதல் பக்கத்திலேயே, இந்தப் போர்டின் நினைவு நாள்பட்டால் நம்பத்தகாதது என்று தெளிவான தமிழில் எழுதிக்கொடுத்தார். கையேடு அச்சாகவில்லை. ஜூன் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பணிவிலகல் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில், சில்லுக்குப் பொருந்தாத டிரைவர் அமைப்பில் கையெழுத்திட மறுத்ததால் என்று எழுதியிருந்தார்.

மனிதவளப் பிரிவிலிருந்த பெண் அவரைக் கூப்பிட்டுப் பேசியதை, பின்னாளில் செலின் அவர்களே இரு குரலிலும் நடித்துக் காட்டுவார்.

"மேடம், ஹெல்த் ரீசன்னு ஒரு வரி மாத்திக் குடுங்க. ரிலீவிங் லெட்டர் உடனே ரெடி."

"எனக்கு சளிகூட இல்லியேம்மா."

"சும்மா ஃபார்மாலிட்டி மேடம். எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

"டிரைவர்ல ஒரு பொய்யை எழுத மாட்டேன்னுதான் வெளிய போறேன். போற வழியில இன்னொரு பொய்யை எழுதி வெச்சுட்டுப் போகச் சொல்றியா?"

பணிவிடுவிப்புச் சான்று இல்லாமல் பெங்களூரில் எந்த நிறுவனமும் அனுபவசாலியை எடுக்காது. இது அவருக்குத் தெரியும். அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டியதும் அவருக்கு வேலை காத்திருந்தது. இரண்டு நிறுவனங்கள் அழைத்தன, சான்று கேட்டன, பிறகு அழைக்கவில்லை. அவர் எழுதவே இல்லை.

சூளகிரியில் நெடுஞ்சாலையோரம், ஒரு டயர் கடையின் மாடியில் அறை எடுத்து, பழுதான போர்டுகளைச் சரிசெய்யத் தொடங்கினார். அடுத்த மழைக்காலத்தில், அடிக்கடி மின்சாரம் போய்வந்த நாட்களில், புதிய சில்லுப் போர்டுகள் ஒவ்வொன்றாக நினைவிழந்தன. நல்லவேளையாக எவர் கையும் போகவில்லை. முனியப்பா ஒரு போர்டைத் துணியில் சுற்றிக்கொண்டு போனபோது நானும் உடன் போயிருந்தேன்.

"உங்களைத் தொரத்துன கம்பெனி போர்டும்மா. எடுத்துனு வரவே வெக்கமா கீது."

"வைங்க இப்படி. உங்களுக்கு எதுக்கு வெக்கம்?" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி அவரை நேராகப் பார்த்தார். "யாரும் தொரத்தல. நானா வந்தேன். ஊர்ல பேசுனா சரியாப் பேசுங்க."

டிரைவரை எட்டுப் பிழைகள் வரை திருத்தும்படி அமைத்து மின்சாரம் கொடுத்தார். போர்டு மெல்ல விழித்தது. "இன்னாமா, எழுந்திரிக்க இவ்ளோ நேரம்?" என்று முனியப்பா முணுமுணுத்தார்.

"உங்களைவிட சீக்கிரம்தான். கீழ போய் டீ குடிச்சுட்டு வாங்க."

முன்னாள் நிறுவனத்தைப் பற்றி வாடிக்கையாளரிடம் ஒரு சொல் தாழ்வாகப் பேசியதில்லை. ஏன் விலகினீர்கள் என்று எவராவது கேட்டால் மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்லுவார். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

அவர் மறைந்த வாரத்து வெள்ளிக்கிழமை மாலை நிறுவனத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. ஓய்வுபெற்றவர்களையும் வாடிக்கையாளர்களையும் அழைத்திருந்தார்கள். இப்போதைய மேலாளர், அப்போது இங்கே இல்லாதவர், அந்த அறிவிப்பையே வாசித்தார். முடித்ததும் எழுந்தேன். மறைந்தது செவ்வாய்க்கிழமை என்றேன். நன்றி சொல்லிக் குறித்துக்கொண்டார்.

"இன்னொரு திருத்தமும் இருக்கிறது. அவர் உடல்நலக் குறைவால் விலகவில்லை."

மனிதவள அலுவலர் எழுந்து, "சார், இறந்தவங்களைப் பத்தி மரியாதையாத்தானே போட்டிருக்கோம். இதுல என்ன சார் குறை?" என்றார்.

"மரியாதைதான். ஆனால் உயிரோடு இருந்தவரை அவர் எழுத மறுத்த வரி அது."

பின்வரிசையிலிருந்து முனியப்பாவின் குரல் வந்தது. "அவங்க எழுதலன்னா, செத்ததும் நீங்களே எழுதிக்குவீங்களா?"

கூட்டம் அத்துடன் முடித்துவைக்கப்பட்டது. மறுநாள் அறிவிப்புப் பலகையில் தேதி திருத்தப்பட்டிருந்தது. காரணம் அப்படியே இருந்தது.

செலின் அவர்களின் தம்பி அருள்ராஜ் தக்காளி விவசாயி; அதிகம் பேசாதவர். கல்லறைக் கல்லில் பொறிக்கவேண்டிய தேதிகளைச் சரிபார்க்க என்னைக் கிருஷ்ணகிரிக் கல்பட்டறைக்கு அழைத்துச் சென்றார். தேதிகள் சரியாக இருந்தன. அவற்றின் கீழே அவர் ஒரு வரி எழுதிவைத்திருந்தார். அதைப் படித்த கல்தச்சர், "வழக்கமா இறைவனில் துயில்கிறார்னு போடுவோம். இது இன்னாங்க, புதுசா கீது?" என்றார்.

அருள்ராஜ் என்னைப் பார்த்தார். "அக்கா இதத்தான் சொல்லினு இருந்துச்சு சார். போடலாமா? ஃபாதர் ஒத்துக்குவாரா?"

பங்குத்தந்தையை அங்கிருந்தே அழைத்து, அந்த வரியைப் படித்துக் காட்டினேன்.

"இது உண்மையா?"

"உண்மை ஃபாதர். நான் சாட்சி."

"அப்ப வெட்டச் சொல்லுங்க."

கல் நடப்பட்டுவிட்டது. சூளகிரியிலிருந்து உள்ளே போகும் சாலையில், அந்தக் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில் எவரும் போய்ப் படிக்கலாம். பெயர், பிறந்த நாள், செவ்வாய்க்கிழமைக்குரிய தேதி. அவற்றின் கீழே, விரல் வைத்தால் பதியும் ஆழத்தில்: 'நல்ல உடல்நலத்தோடு வேலையை விட்டவர்.'

சென்று வாருங்கள், செலின். உங்கள் பெயரில் வேறெவரும் கையெழுத்திட நாங்கள் விடமாட்டோம்.