வியாழக்கிழமைக்கு வைத்த நாடகம்

எங்கள் வீட்டில் தொலைக்காட்சிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. பல்கனியில் பூட்டிய டிஷ்ஷிலிருந்து தமிழ்ச் சனல்களை அதுதான் பிடித்துத் தரும். நேரத்தைச் சொல்லி வைத்துவிட்டால் வீட்டில் ஆள் இல்லாதபோதும் நிகழ்ச்சியைப் பதிந்து வைக்கும். பதியும்போது அதன் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அந்த விளக்கு எரிந்து நான் பார்த்தது குறைவு. அது எரிகிற பின்னேரங்களில் நான் இத்தாலியின் பலெர்மோ நகரில், மொண்டெல்லோப் பக்கம், கடற்கரையை ஒட்டிய உணவகம் ஒன்றின் குசினியில் கணவாய் கழுவிக்கொண்டிருப்பேன்.

பதிந்தது எனக்காக இல்லை, என் மனைவிக்காக. எனக்கும் நாடகங்களுக்கும் ஏழாம் பொருத்தம். பட்டுச்சேலையும் அட்டியலும் போட்டுக்கொண்டு நித்திரைக்குப் போகிற மருமகள், கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்பதையே தொழிலாக வைத்திருக்கிற மாமியார், ஒருவர் ஒரு வார்த்தை சொன்னதும் ஆளை ஆள் மூன்று தரம் திரும்பிப் பார்க்கிற மச்சாள்மார். ஒருத்தராவது காலையில் எழும்பி பஸ் பிடித்து வேலைக்குப் போகிறார்களா என்றால் அதுவும் இல்லை. நான் எங்கள் பிரான்காச்சோ மாடிக் குடியிருப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறவன் என்பதால் எனக்கு அதில் தனி எரிச்சல்.

என் மனைவி ஒரு சிஞ்ஞோரா வீட்டில் தங்கி வேலை செய்கிறாள். வீட்டுக்கார அம்மாவை இங்கே அப்படித்தான் சொல்வோம். இந்த சிஞ்ஞோராவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கணவர் இல்லை, மகன் வடக்கே மிலானில். சமைத்துக் கொடுப்பது, குளிக்க வார்ப்பது, மருந்து எடுத்துக் கொடுப்பது, இரவில் கூப்பிட்ட குரலுக்கு அடுத்த அறையிலிருந்து எழும்பிப் போவது எல்லாம் என் மனைவிதான். இத்தாலியில் இப்படித் தங்கி வேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும் ஓய்வு. வியாழன் மத்தியானம் திரும்பினால் பலெர்மோ பஸ்களில் எங்கள் பெண்களின் சிரிப்புத்தான் கேட்கும்.

ஞாயிறு எனக்கு உதவாது. அன்றுதான் உணவகத்தில் தலை நிமிர்த்த முடியாத வேலை. அவள் மகளோடு தமிழ்ப் பூசைக்குப் போய், சொந்தக்காரர் வீடுகளையும் எட்டிப் பார்த்துவிட்டு, நான் வேலை முடிந்து வருவதற்குள் சிஞ்ஞோரா வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். அதனால் என் ஓய்வு நாளை வியாழனுக்கு மாற்றித் தரும்படி முதலாளியிடம் காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கினேன். ஆக, கிழமைக்கு ஒரு அரை நாள். அதுதான் எங்கள் இல்லறம். இதைச் சோகமாகச் சொல்லவில்லை. முழு நாளும் ஒன்றாக இருக்கிற எத்தனை பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை என்பது எனக்குத் தெரியும்.

வியாழன் காலையில் நான் பல்லரோ சந்தைக்குப் போய் மீன் வாங்குவேன். பக்கத்து வங்காளிக் கடையில் தேங்காயும் வெண்டிக்காயும். அவள் வருவதற்குள் குழம்பு வைத்துவிடுவேன். கிழமை முழுதும் இன்னொருவர் வீட்டுக் குசினியில் நிற்கிறவளை வியாழனும் குசினிக்குள் விடக்கூடாது என்பது என் சட்டம். சாப்பிட்டதும் அவள் சோபாவில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு இருப்பாள். ரிமோட் என் கையில். ஒரு கிழமை நாடகம் முழுவதும் பெட்டியிலிருந்து வரிசையாக வரும்.

அவளுக்கும் ஒரு சட்டம் இருந்தது. யாராவது அழத் தொடங்கினால் ஓட்டிவிட வேண்டும்.

"ஓட்டுங்கோ, ஓட்டுங்கோ. அழுகிறதெல்லாம் நான் அங்கை பாக்கிறன்," என்பாள்.

விளம்பரத்தை ஓட்டி, அழுகையை ஓட்டி, முழிக்கிற முழிகளையும் ஓட்டினால் ஒரு நாள் நாடகம் பத்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும். மிச்ச நேரமெல்லாம் கதைதான். மருமகளைத் திட்டுகிற சாக்கில் சிஞ்ஞோராவின் மகனைத் திட்டுவாள். மாமியாரைப் பற்றிச் சொல்ல வந்து என் அக்காவில் கொண்டுபோய் முடிப்பாள். நான் நாடகத்தை நக்கலடிப்பேன். அவள் தலையணையால் எறிவாள். எனக்கு அந்தப் பெட்டியில் இருந்த அக்கறை இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பெட்டிக்கு வயது போய்விட்டது. மாமியார் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து நிற்பாள். சத்தம் மட்டும் வரும். ஒரு வியாழன் பார்த்தால் முழுக் கிழமையும் வெறும் கறுப்பு. பல்கலைக்கழகத்தில் படிக்கிற எங்கள் மகள் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். 'அப்ப சரி' என்பதற்கான இத்தாலியச் சொல்லோடுதான் அவள் எதையும் தொடங்குவாள்.

"அல்லோரா, அப்பா, இதைத் தூக்கி எறியுங்கோ. இப்ப எல்லாம் இன்டர்நெற்றில இருக்கு. ஒண்டையும் பதியத் தேவையில்லை. எந்த நேரமும் இருக்கும், எங்கையும் பாக்கலாம். அம்மா தன்ர போனிலயே பாக்கலாம்."

அவள் நல்லதைத்தான் சொன்னாள். ஆனால் எனக்குப் பயம் பிடித்தது. எந்த நேரமும் இருக்குமென்றால், எங்கேயும் பார்க்கலாமென்றால், வியாழனுக்கு என்ன வேலை? சிஞ்ஞோரா மத்தியானம் கண்ணயர்கிற நேரத்தில் அவள் போனில் பார்த்து முடித்துவிடுவாள். பிறகு வியாழன் வந்து என்ன செய்வாள்? கதையை எங்கே தொடங்குவாள்? களைப்பில் படுத்துவிடுவாள், நான் குழம்புச் சட்டியைக் கழுவிக்கொண்டு நிற்பேன். இதை மகளிடம் எப்படிச் சொல்வது? "மழைக்கு வேலை செய்யுமோ?" என்று மட்டும் கேட்டேன்.

"திராங்குயில்லோ, அப்பா," என்றாள். பதறாதே என்று அர்த்தம். என் முகம் எப்படி இருந்ததோ.

அந்த இன்டர்நெற் சேவை வீட்டுக்கு வந்தது. மகள் வீட்டுக்கெல்லாம் ஒரே கணக்காகத் திறந்து, தொலைக்காட்சியில் போட்டாள், தாயின் போனிலும் போட்டாள். படம் கண்ணாடி போல் தெளிவு. மாமியாரின் முகத்தில் இவ்வளவு பவுடர் இருக்கிறது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. விளம்பரம் கிடையாது. பார்த்து முடித்த பாகத்துக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு முழுதாக விழுந்துவிடும், எதுவரை பார்த்தோம் என்று மண்டையை உடைக்கத் தேவையில்லை. முதல் இரண்டு வியாழனும் குறை சொல்ல ஒன்றுமில்லாமல் போனது. எனக்கே கொஞ்சம் வெட்கமாகப் போயிற்று.

அடுத்த கிழமை நடுவில் ஒரு நாள், வேலைக்குப் போகும் முன் தொலைக்காட்சியைப் போட்டேன். வியாழனுக்கு எல்லாம் சரியாக விழுந்திருக்கிறதா என்று இடையில் ஒரு தரம் பார்ப்பது பெட்டிக் காலத்துப் பழக்கம். நாங்கள் இன்னும் தொடாத பாகங்களுக்குக் கீழே சிவப்புக் கோடு. ஒன்றல்ல, அந்தக் கிழமை வந்த அத்தனைக்கும் கீழே. மகளுக்குத் தமிழ் நாடகம் என்றால் பாவற்காய். பிறகு யார்?

அன்றைக்கு முழுதும் எனக்கு வேலையில் மனமில்லை. சிஞ்ஞோராவுக்கு இரவுச் சாப்பாடு கொடுத்துவிட்டு மனைவி வழக்கம்போல் எனக்குப் போன் எடுத்தாள்.

"சாப்பிட்டியளோ?"

"ஓம்."

"வேலை கூடவோ?"

"ஓம்."

"என்ன, வாய்க்குள்ள கொழுக்கட்டையோ?"

"ஒண்டுமில்லை. வைக்கிறன்," என்றேன். கோபத்தைவிடக் கவலைதான். அவள் எனக்கு ஒரு துரோகமும் செய்யவில்லை. தனியாக ஒரு வீட்டில் அடைபட்டிருக்கிற பெண் ஒரு நாடகம் பார்த்ததற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது மடத்தனம் என்பதும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, முகம் தன் பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

வியாழன் அவள் வந்தாள். மீன்குழம்பு வைத்திருந்தேன், கோபத்தில் உப்பு ஒரு கை கூடிவிட்டது. அதையும் சாப்பிட்டு முடித்தாள். சோபாவில் காலைத் தூக்கிப் போட்டாள்.

"போடுங்கோ."

"எதைப் போட? நீர்தான் எல்லாம் பாத்து முடிச்சிட்டீரே."

"நானோ? ஆர் சொன்னது?"

"ஆர் சொல்ல வேணும்? கோடு சொல்லுது."

அவள் எழும்பிப் போய்த் திரைக்குப் பக்கத்தில் நின்று கோடுகளைப் பார்த்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்தவே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் விழுந்தாள்.

"உங்களுக்கென்ன விசரே? அது சிஞ்ஞோரா!"

நடந்தது இதுதான். போன ஞாயிறு தாயைப் பூசைக்குக் கூட்டிப்போக மகள் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். தாய் உடுத்து வரும்வரை சிஞ்ஞோராவைச் சமாளிக்க, தன் போனில் நாடகத்திலிருந்து ஒரு கலியாணக் காட்சியைக் காட்டியிருக்கிறாள். சேலைகளைப் பார்த்துக் கிழவி கிறங்கிப்போய்விட்டார். தன் தொலைக்காட்சியிலும் வேண்டும் என்று ஒரே பிடி. மகளும் எங்கள் கணக்கையே அங்கே போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

"ஒரு சொல்லு விளங்காது. ஆனா கோப்பி குடிச்சிட்டுக் கதிரையில இருந்தாவெண்டால் எழும்ப மாட்டா," என்றாள் மனைவி. "மாமியார் பாவமாம், மருமகள்தான் நகை களவெடுத்தவவாம். தானே ஒரு கதை கட்டி வச்சிருக்கிறா."

"அப்ப நீர் எங்கை இருப்பீர்?"

"குசினிக்குள்ள. கதவைச் சாத்திப்போட்டு. எனக்குத் தமிழ் விளங்குமெல்லோ, சத்தம் கேட்டாலே கதை தெரிஞ்சிடும். அதால பைப்பைத் திறந்து விடுவன். அவ கூப்பிட்டு, இஞ்ச வா, இவன் என்ன சொல்லுறான் எண்டு கேப்பா. நான் வரமாட்டன் சிஞ்ஞோரா, வியாழன் வரைக்கும் எனக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ எண்டு காதைப் பொத்திக்கொண்டு நிப்பன்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "இஞ்சை வந்து பாக்கிறதை நான் ஏன் அங்கை கேட்டுப் பழுதாக்குவான்?"

அறைக்குள் படித்துக்கொண்டிருந்த மகள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"அம்மா தன்ர போனில இருந்ததையும் அண்டைக்கே அழிக்கச் சொல்லிட்டா, அப்பா. நான் போட்டுக் குடுத்த உடனேயே."

"அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே."

கேட்கவில்லைதான். வெட்கத்தில் காது சுட்டது. ஆனால் உண்மையைச் சொன்னால், வெட்கத்தை மூடிக்கொண்டு மேலே வந்தது சந்தோசம். சிஞ்ஞோரா வீட்டுக் குசினியில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிற ஒருத்தியை நினைத்துப் பார்த்தேன். எனக்காக யாரும் இவ்வளவு வேடிக்கையான ஒரு காரியத்தைச் செய்ததில்லை. அன்றைக்கு அழுகைக் காட்சிகளைக்கூட ஓட்டாமல் விட்டேன். அவள்தான் ரிமோட்டைப் பறித்து ஓட்டினாள்.

அதற்குப் பிறகு இந்தப் புதிய ஏற்பாட்டை நானும் மனதார ஏற்றுக்கொண்டேன். வியாழன் இரவு அவள் திரும்பிப் போனதும் சிஞ்ஞோரா காத்துக்கொண்டு இருப்பாராம். "பார்த்தாயா? பார்த்தாயா?" என்று கேட்டு, ஒரு கிழமையாக அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டுவாராம். இவள் உண்மைக் கதையைச் சொன்னால் நம்பமாட்டாராம். தன் கதைதான் சரி என்று சாதிப்பாராம். எனக்கென்னவோ நாடகம் எழுதியவரைவிட அவர் கட்டின கதை நன்றாக இருந்தது.

இப்படியே போய்க்கொண்டிருந்த நாடகம் ஒரு வியாழன் முடிந்துவிட்டது. பெட்டிக் காலத்தில் நாடகங்கள் எங்களுக்கு முடிந்ததே இல்லை. பெட்டிக்கு நேரம் மட்டும்தான் தெரியும். ஒரு நாடகம் முடிந்தால் அடுத்த நாள் அதே நேரத்தில் வருகிற புது நாடகத்தைக் கேள்வியில்லாமல் பதிந்து வைக்கும். நாங்களும் திட்டித் திட்டி அதற்குள் இறங்கிவிடுவோம். இந்தச் சேவையில் அப்படி இல்லை. மருமகளும் மாமியாரும் கட்டிப்பிடித்தார்கள், பாட்டுப் போனது, பிறகு திரை நிறைய வேறு வேறு நாடகங்களின் முகங்கள் வந்து நின்றன. "முடிஞ்சுதோ?" என்று அவள் கேட்டாள். முடிந்துவிட்டது என்றேன்.

அந்தக் கிழமை பழைய பயம் திரும்பவும் என்னைப் பிடித்தது. வேலை முடிந்து வந்து ஒவ்வொரு இரவும் அந்த முகங்களுக்குள் தேடினேன். எதைப் போட்டால் அவளுக்குப் பிடிக்கும்? நாலைந்து நாடகங்களின் முதல் பாகங்களை, எனக்கும் நாடகத்துக்கும் உள்ள பொருத்தத்தை மறந்து, இருந்து பார்த்தேன். இரண்டைத் தெரிந்து வைத்தேன்.

வியாழன் அவள் வேளைக்கே வந்துவிட்டாள். குழம்பு இன்னும் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் சப்பாத்தைக் கழற்றினாள். கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு நான் ஓடிவந்து ரிமோட்டை எடுத்தேன்.

"ரெண்டு நாடகம் பாத்து வச்சிருக்கிறன். ஒண்டில அழுகை குறைவு."

"வேண்டாம். வையுங்கோ அதை."

"நாடகம்தான் போன கிழமை முடிஞ்சு போச்சே. பிறகேன் இவ்வளவு வேளைக்கு வந்தனீர்?"

சோபாவில் காலைத் தூக்கிப் போட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

"நாடகம் முடிஞ்சால் வியாழக்கிழமையும் முடிஞ்சு போச்சோ?" என்று கேட்டாள்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் இருந்தேன்.