தகடில்லாத எஞ்சினுக்குக் கையெழுத்து வைத்தவர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, தேத்தண்ணீரை வாயில் வைக்கப் போன நேரம் தொலைபேசி அடித்தது. பேசியவர் றெஜினாவின் தங்கை. "குமார் அண்ணா, அக்கா மோசம் போயிட்டாங்க, ராத்திரி உயிர் போயிட்டுது" என்றார். எனக்கு உடனே வாயில் வந்தது, "கடைக்குச் சொல்லியாச்சோ?" என்ற கேள்வி. நாங்கள் வேலை செய்த கடையை மூடிப் பதினொரு வருடம். அது தெரிந்தும் கேட்டேன். பிறகு கதிரையில் இருந்து அழுதேன். தேத்தண்ணீர் ஆறிப்போனது.

கொழும்புப் பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகம் தேடி அலைந்தவர்கள் எல்லோருக்கும் றெஜினாவைத் தெரிந்திருக்கும். பெயர் தெரியாவிட்டாலும் 'கொட்டாஞ்சேனை மிஸ்' என்றால் தெரியும். நானும் அவரும் ஒரே மாதத்தில் அந்தக் கடையில் சேர்ந்தோம். ஒரே மேசைக்குப் பின்னால் இருபத்தாறு வருடம் நின்றோம். அந்த இருபத்தாறு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது இரண்டு தரம். திட்டியதற்குக் கணக்கில்லை.

அவருடைய வேலை முறை உங்களுக்கு நினைவிருக்கும். சாமானின் பெயரைச் சொல்லிக் கேட்டு வருபவர்களை அவர் நம்பவே மாட்டார். "பேர் சொல்லாதீங்க, சாமானைக் காட்டுங்க" என்பார். காட்டினால் வேர்ணியர் அளவுகோலை எடுத்து அளப்பார். அளவைக் கடதாசியில் எழுதுவார். பிறகுதான் தட்டுப் பக்கம் போவார். ஒரு தடவை அவசரத்தில் ஒரு லொறிக்காரருக்கு ஏறக்குறையப் பொருந்தும் பிரேக் சாமான் ஒன்றை நான் கொடுத்துவிட்டேன். றெஜினா தெருவுக்கு ஓடிப்போய், லொறியை மறித்து அதைத் திருப்பி வாங்கி வந்தார். "தெரியாட்டி தெரியாது எண்டு சொல்லுங்க குமார். நீங்க சும்மா சொல்லுற பொய்க்கு றோட்டுல ஒரு ஆள் சாகும்" என்றார். வாடிக்கையாளர்கள் முன்னால்தான் சொன்னார். இரண்டு நாள் அவரோடு கதைக்காமல் இருந்தேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அப்படிப்பட்டவர் ஒரு பொலிஸ் நிலையத்தில் என் கண் முன்னால் செய்த ஒரு காரியத்தை இதுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை.

போர் நடந்த காலம். என் அண்ணன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெளிநாட்டு விசாவுக்காக வெள்ளவத்தையில் என்னோடு தங்கியிருந்தார். ஊரில் தண்ணீர்ப் பம்பு திருத்துபவர். இங்கே வெளியே போனால் எந்தச் சந்தியில் மறிப்பார்கள் என்ற பயத்தில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார். கதை பேச்சு குறைந்தது. பிறகு சாப்பாடும் குறைந்தது. அந்த நேரம் கல்கிசையில் வீட்டைக் காலிசெய்துகொண்டிருந்த ஒரு குடும்பம், பழைய கோ-கார்ட் ஒன்றைக் குப்பையோடு போடப் போனது. தரையோடு ஒட்டி ஓடுமே, ஓர் ஆள் காலை நீட்டி இருந்து ஓட்டும் நாலு சில்லு விளையாட்டு வண்டி, அதுதான். நான் கேட்டு வாங்கி வந்தேன். அண்ணன் அதைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். அடுத்த நாள் எஞ்சினைக் கழற்றிப் பின்வளவு மேசையில் வைத்தார். அன்று இரவு இரண்டாம் தரம் சோறு கேட்டார்.

மூன்றாம் வாரம், ஒரு ஞாயிறு காலையில் பொலிசார் எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். அந்தக் குறுந்தெரு ரயில் பாதையில் முடியும். அதற்கு அப்பால் கடல். கடலுக்கு அத்தனை கிட்ட, யாழ்ப்பாண அடையாள அட்டையோடு ஓர் ஆள், அவர் முன்னால் நம்பர் தகடு இல்லாத எஞ்சின் ஒன்று. போராளிகளுக்கான படகு எஞ்சின் என்றே முடிவு கட்டினார்கள். சுவரில் சாத்தியிருந்த கோ-கார்ட்டை நான் காட்டக் காட்ட, அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணனையும் எஞ்சினையும் ஒரே வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

திங்கட்கிழமை லீவு சொல்லத்தான் கடைக்குப் போனேன். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்தக் காலம் அப்படி. றெஜினா முழுவதையும் கேட்டுவிட்டு, "எஞ்சின் எங்க இருக்கு?" என்றார்.

"அண்ணையைப் பற்றிச் சொல்லுறன், நீங்கள் எஞ்சினைக் கேக்கிறியள்" என்று எரிந்து விழுந்தேன்.

"அண்ணன் என்ன சொன்னாலும் அவங்க நம்பப் போறதில்ல. எஞ்சின் சொன்னா நம்புவாங்க. வாங்க போவம்."

வேர்ணியரையும் பாகங்களின் படப் புத்தகத்தையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார்.

பொலிஸ் நிலையத்தில் எஞ்சின் ஒரு வாங்குப் பலகையில் இருந்தது. அதிகாரி யாரோடோ தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். றெஜினா குனிந்து பார்த்தார். அவருடைய கட்டைவிரல் ஓரிடத்தில் நின்றது. நானும் பார்த்தேன். தகடு இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள். துளைகளைச் சுற்றி உலோகம் புதுச் சதக் காசு போல மினுங்கியது. தகடு வருடக்கணக்குக்கு முன் தானாக விழுந்ததல்ல, யாரோ அண்மையில் கழற்றியது. யார் என்பதும் அந்தக் கணமே விளங்கியது; வீட்டில் அந்த எஞ்சினைத் தொட்டவர் ஒருவர்தான். றெஜினா என்னைப் பார்க்கவில்லை. அடியில் கசிந்திருந்த கறுத்த கிறீஸை விரலால் எடுத்து, இரண்டு துளைகளின் மேலும் இழுத்துவிட்டார். பிறகு வேர்ணியரை எடுத்தார்.

அதிகாரியிடம் அவர் பேசிய சிங்களம் சுத்தமான கொட்டாஞ்சேனைச் சிங்களம், ஒரு சொல்லுக்கும் தடுமாறவில்லை. "பாருங்க மாத்தயா, இதைச் சுற்றி எல்லாம் மெல்லிய சிறகு. காற்றுப் பட்டுக் குளிர்கிற எஞ்சின். தண்ணி போக வழியே இல்ல. சுழல் தண்டு படுத்திருக்கு. படகு எஞ்சினில நிமிர்ந்து நிற்கும்" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். அண்ணன் முன்பே தளர்த்தி வைத்திருந்த சிலிண்டர் மூடியை எடுத்து உள்வாயை அளந்தார். தண்டின் தடிப்பு, அடித்துளைகளின் இடைவெளி எல்லாம் எழுதிப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். "அஞ்சு குதிரைவலு. புல்லு வெட்டவும் விளையாட்டு வண்டிக்கும் செய்தது."

"தகடு எங்கே?" என்றார் அதிகாரி.

"பஞ்சிகாவத்தைக்கு வந்து பாருங்க. பாதி எஞ்சினுக்குத் தகடு இல்ல."

அது உண்மைதான். ஆனால் அதிகாரி கேட்டது அதை அல்ல. சொன்னதை எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், கொட்டாஞ்சேனை விலாசம் எல்லாம் எழுதி வைத்தார். அளவு பிழைத்திருந்தால் அண்ணனுக்குப் பக்கத்தில் அவரையும் இருத்தியிருப்பார்கள். பின்னேரம் நாலு மணிக்கு அண்ணனை விட்டார்கள். எஞ்சினை விடவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஓட்டோவில் ஒரு பழைய எஞ்சின். அதற்குத் தகடு இருந்தது, அதே இலக்கம் போட்ட கடைப் பில்லும் இருந்தது. பொலிஸ் நிலையத்தில் எழுதிய அளவுகளை வைத்தே தேடிப் பிடித்திருந்தார். வந்ததும் அண்ணனிடம் கையை நீட்டினார். "தகட்டைத் தாங்க."

அண்ணன் தலையைக் குனிந்தபடி போய், சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தார். "ஊரிலை தகடு இருந்தா, எத்தினை குதிரைவலு எண்டு பாத்து ஆராவது கொண்டுபோயிடுவாங்கள், மிஸ். கையிலை வந்ததும் கழட்டிறதுதான் பழக்கம். யோசிக்காமல் செய்துபோட்டன்" என்றார்.

"இங்க தகடு இல்லாட்டி ஆளைக் கொண்டுபோவாங்க" என்றார் றெஜினா. "வாசிங்க, எத்தனை?"

"அஞ்சு."

றெஜினா நீளமாக மூச்சு விட்டார். "அப்ப நான் எழுதினதுல பொய் இல்ல." தகட்டை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றினார். "இது உங்க வீட்டில இருக்கக் கூடாது, செக் பண்ணி எடுத்தா கழட்டினது நீங்கதான் எண்டு தெரியும். உங்களைத் திரும்பப் பிடிச்சா நான் கொண்டுவந்து காட்டுறேன்."

அவர் கொண்டுவந்த எஞ்சின் அடித்துளைகளில் சரியாக இருந்தது. தண்டு மட்டும் அரை அங்குலம் நீளம், சங்கிலி கோணியது. அண்ணன் கண்மட்டத்தில் சரிக்கட்டப் பார்த்தார். "கண்ணை நம்பாதீங்க, அளந்து பாருங்க" என்று றெஜினா அதட்டினார். அண்ணன் அளந்து முடித்ததும், அந்த அரை அங்குலத்துக்கு வேண்டிய இரும்பு வளையத்தைக் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முன்னமே தெரிந்துதான் கொண்டுவந்திருந்தார். பின்னேரம் எஞ்சின் பிடித்து முழங்கியது. அந்தச் சத்தத்துக்கு ஒழுங்கையில் யன்னல்கள் மூடின, பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தன. அண்ணன் ரயில் பாதை வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தார். கொழும்புக்கு வந்த பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

அடுத்த வருடம் அவருக்கு விசா கிடைத்தது. போய்விட்டார். ஒருநாள் கடையில் றெஜினாவிடம், "இனித் தகட்டை எறியலாமே" என்றேன். "எறிஞ்சா அந்த எஞ்சினுக்குப் பேர் இல்லாமப் போகும்" என்று சொல்லிவிட்டு வாடிக்கையாளர் பக்கம் திரும்பினார். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. நன்றி என்று நான் ஒரு தரமும் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவார் என்று விட்டுவிட்டேன். திட்டு வாங்கியாவது சொல்லியிருக்க வேண்டும்.

அடக்கம் முடிந்து கொட்டாஞ்சேனை வீட்டுக்குத் திரும்பியபோது, தங்கை என்னிடம் ஒரு கடித உறையைத் தந்தார். மேலே 'குமாருடைய அண்ணனுக்கு' என்று றெஜினாவின் சதுரக் கையெழுத்து. "இது என்ன அண்ணா? பொலிஸ் வீடு செக் பண்ண வந்த நேரமெல்லாம் அக்கா இதைச் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு நிப்பாங்க. கேட்டா சொல்லமாட்டாங்க" என்றார். உறையைத் தடவினேன், உள்ளே அந்தத் தகடு. நடந்ததைச் சொன்னேன். அவர் உறையை என் கையோடு சேர்த்து மூடிவிட்டார்.

அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அனுப்பாதை. நான் வந்து கையிலை வாங்கிறன்" என்றார். அவர் வரும்வரை அது என்னிடம் இருக்கும். இன்று எங்கும் சோதனைச் சாவடி இல்லை. இரண்டு துளைகள் போட்ட அந்தச் சின்னத் தகட்டை யாரும் கேட்கப் போவதும் இல்லை. ஆனாலும் அடக்கத்தன்று கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறியதிலிருந்து, அதைச் சட்டைக்குள் வைத்துக் கையால் பொத்திக்கொண்டுதான் வெள்ளவத்தை வரை வந்தேன்.